மூன்று நாள்... மூன்று வாரம்... மூன்று மாதம்!



ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள். யாரோ உங்களை ஒரு வண்டியில் ஏற்றி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே பேசுகிற பாஷை உங்களுக்குப் புரியவில்லை. சாப்பாடும் வேறு, படுக்கிற இடமும் வேறு. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டு கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், தூக்குகிறார்கள், புதுப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் சிரிப்பீர்களா? அல்லது, தப்பி ஓட வாசல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்களா?

விலங்குகள் காப்பகத்திலிருந்து ஒரு வீட்டுக்கு வரும் நாயின் நிலைமையும் இதேதான். 'பாவம், தெருவில் கிடந்த நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது, இனி அதற்குக் கொண்டாட்டம்தான்' என்று நாம் நினைக்கிறோம். ஆனால், நாய்க்கு அது நல்ல வீடா, கெட்ட வீடா என்று எப்படித் தெரியும்? அதற்குத் தெரிய வேண்டும் என்றால் நாள் ஆக வேண்டும். அந்த நாள்களைக் கொடுக்காமல், "இது சரிப்படாது" என்று திருப்பி அனுப்பப்படும் நாய்கள் உண்டு. அதைவிட மோசம், இரவோடு இரவாகக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிடுவது. ஒரு முறை கைவிடப்பட்ட நாய் மறுபடியும் கைவிடப்பட்டால், அது மனிதரை நம்புவது இன்னும் கடினமாகிவிடும். அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? வாருங்கள், பார்ப்போம்.

பழைய நட்பு

மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள நட்பு எத்தனை பழையது தெரியுமா? ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசல் என்ற இடத்தில், 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண் எலும்புக்கூடுகளோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. வயது சுமார் 14,000 ஆண்டுகள்! அந்தக் குட்டியின் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயால் பல வாரங்கள் துன்பப்பட்டிருக்கிறது என்று கண்டார்கள். யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை வாரங்கள் உயிர் பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியை, கற்கால மனிதர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்!

நம் ஊரிலும் ஒரு சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. சண்டையில் இறந்த வீரன் ஒருவனின் உருவமும், அவன் அருகே ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. நாயின் பெயர் 'கோவிவன்' என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் நம்முடையது!

காப்பகத்து நாய்கள் யார்?

சென்னையில் கேப்டன் வி.சுந்தரம் 1959-ஆம் ஆண்டு தொடங்கிய 'ப்ளூ கிராஸ்' அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதிலாக, அவற்றுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964-ஆம் ஆண்டிலேயே தொடங்கியவர்கள் அவர்கள். இதுபோன்ற காப்பகங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. வண்டியில் அடிபட்டவை, தாயைப் பிரிந்த குட்டிகள், வளர்த்தவர்களே துரத்திவிட்ட 'ஜாதி' நாய்கள் என்று எல்லாம் அங்கே வந்து சேரும். குணமான பிறகு, வளர்க்க விரும்புகிறவர்களிடம் தத்துக் கொடுப்பார்கள்.

(தெருவில் சில நாய்களுக்கு ஒரு காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ கடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். 'எனக்குக் கருத்தடை செய்துவிட்டார்கள்' என்று அந்த நாய் காட்டும் அடையாள அட்டை அது.)

நமது நாட்டு நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை. அடர்ந்த முடி கொண்ட வெளிநாட்டு நாய்களைப்போல ஏ.சி. கேட்காது. ஆனாலும் பலர் அவற்றை வேண்டாம் என்கிறார்கள். "தெருவில் திரிந்த நாய் வீட்டில் தங்குமா?" என்று சந்தேகப்படுகிறார்கள். 'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு வீதிக்குத்தான் போகும்' என்று பழமொழியே இருக்கிறதே!

பழமொழி முழுப் பொய் இல்லை. புதிதாக வந்த நாய் வீதிக்கு ஓடத்தான் பார்க்கும். கொழுப்பினால் அல்ல, அதற்குத் தெரிந்த இடம் வீதி மட்டும்தான் என்பதால். அதனால்தான் காப்பகத்தார் மூன்று என்ற கணக்கைச் சொல்கிறார்கள். இது எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தும் சட்டம் இல்லை. ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் - பயம்

முதல் மூன்று நாள்கள் நாய் கட்டிலுக்கு அடியிலோ, மூலையிலோ போய்ப் பதுங்கிக்கொள்ளும். சாப்பிடாது. சில நாய்கள் ஒரே இடத்தில் சிலைபோல உட்கார்ந்திருக்கும். "ரொம்ப சாது!" என்று நாம் சந்தோஷப்படுவோம். அது சாதுவாக இருப்பதால் அல்ல, பயந்துபோய் உறைந்திருப்பதால் அப்படி இருக்கிறது.

நம் வீட்டை நாயின் காதால் கேட்டுப் பாருங்கள். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி, கிறீச்சிடும் மின்விசிறி எல்லாம் அதற்குப் புதிய பூதங்கள். மொசைக் தரை வழுக்கும். மாடிப்படியைப் பார்த்தே இராத நாய், முதல் படியில் காலை வைக்கவே நடுங்கும். பாட்டி வாசல் பெருக்க விளக்குமாற்றை எடுத்தால் போதும். அடி விழப்போகிறது என்று ஓடி ஒளியும். அதன் அனுபவத்தில் விளக்குமாறு பெருக்குவதற்கான பொருளே இல்லை!

இந்த மூன்று நாளும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. கடினமான வேலைதான். ஒரு மூலையில் பழைய சாக்கையோ, போர்வையையோ விரித்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அந்த மூலை அதன் சொந்த இடம். அங்கே போய் யாரும் அதை இழுக்கக் கூடாது. "புது நாய் பார்க்க வா" என்று நண்பர் பட்டாளத்தை அழைத்து வராதீர்கள். முதல் நாளே குளிப்பாட்டவும் வேண்டாம். காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ, அதையே சில நாள் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

மிக முக்கியம், வாசல் கதவு! புது நாய்கள் அதிகம் தொலைந்துபோவது இந்தச் சமயத்தில்தான். கேட்டைத் திறக்கும்போது பெல்ட்டும் கயிறும் மாட்டியிருக்க வேண்டும். கயிற்றைப் பெரியவர்கள் பிடித்திருக்க வேண்டும். ஓடிப்போன நாய்க்கு உங்கள் தெருவும் தெரியாது, பழைய இடத்துக்கு வழியும் தெரியாது.

வால் ஆடினால் மகிழ்ச்சியா?

நாய்க்குப் பேச வராது என்று யார் சொன்னது? அது உடம்பால் பேசுகிறது. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. சில 'எழுத்துக்களை' இப்போது கற்றுக்கொள்வோமா?

* வாலைக் கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டால்: பயமாக இருக்கிறது.
* தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்கினால்: சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ.
* தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தால்: என்னைத் தொடாதே.
* உடம்பு விறைத்து, வால் மட்டும் உயர்ந்து வேகமாக ஆடினால்: மகிழ்ச்சி இல்லை, எச்சரிக்கை!
* உடம்பு முழுக்கத் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால்: வா, விளையாடலாம்.

உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் என்பது வண்டியின் ஹாரன் மாதிரி. ஹாரனைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வண்டி சத்தமில்லாமல் வந்து மோதும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடலாம். உறுமினால் நீங்கள் மெதுவாக விலகிச் சென்று, அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

பாடம் படித்த தோழி

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், காப்பகத்திலிருந்து இரண்டு வயது நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மணி என்று பெயர் வைத்தார்கள். முதல் நாளே அது பூஜை அறை வாசலில் அசிங்கம் செய்துவிட்டது. இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. மூன்றாம் இரவு முழுக்க ஊளை. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். "நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்று அந்த வீட்டுத் தாத்தா முடிவு செய்துவிட்டார்.

அந்த வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். "தாத்தா, பத்தே நாள் பொறுங்கள்" என்று கெஞ்சி அனுமதி வாங்கினாள். தினமும் மாலையில் கட்டிலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளித் தரையில் உட்காருவாள். நாயைப் பார்க்க மாட்டாள், கூப்பிட மாட்டாள். தன் பாடப் புத்தகத்தை எடுத்து, மெதுவான குரலில் வாசிப்பாள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மூக்கு மட்டும் வெளியே வந்தது. ஒன்பதாம் நாள் மணி வெளியே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் படுத்தது. முதுகைக் காட்டிப் படுப்பது அவமரியாதை இல்லை குழந்தைகளே, 'நீ எனக்குக் கெடுதல் செய்யமாட்டாய்' என்ற நம்பிக்கை! சமூக அறிவியல் புத்தகம் முழுதும் முடிவதற்குள் இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். தாத்தாதான் இப்போது மணிக்கு மோர்சாதம் பிசைந்து வைக்கிறார்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் காப்பகம் ஒன்றில் இதையே ஒரு திட்டமாகவே நடத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, பயந்த நாய்களுக்குக் கதைப் புத்தகம் வாசிப்பார்கள். நாய்க்குக் கதை புரியாது. ஆனால், ஒரு மனிதக் குரல் தன்னை அதட்டாமல் தொடர்ந்து கேட்கிறது என்பது புரியும்.

மூன்று வாரம் - குறும்பு

பயம் தெளிந்த பிறகுதான் உண்மையான சோதனை. "வந்தபோது நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் இப்படி?" என்று வீட்டில் கேட்பார்கள். செருப்பைக் கடிக்கும். கொடியில் காயும் துணியை இழுக்கும். நீங்கள் பள்ளிக்குக் கிளம்பினால் கத்தும். இது கெட்ட குணம் அல்ல. தன் சுபாவத்தை வெளியே காட்டும் தைரியம் அதற்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் மூக்கை அதில் தேய்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எதற்கு அடி விழுந்தது என்று நாய்க்குப் புரியாது. உங்களைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று மட்டும் புரியும். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நாய் விஷயத்தில் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், இரவு படுக்கும் முன் என்று தினமும் அதே நேரத்தில் பெரியவர்களோடு வெளியே அழைத்துப் போங்கள். வெளியே போனதும் பாராட்டி, ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். உள்ளே கழித்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். நம் மூக்கில் மணம் அறியும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல்! சிறிது வாடை மிச்சம் இருந்தாலும், 'இதுதான் கழிப்பிடம்' என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கும்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம். வெங்காய சாம்பார் மிச்சத்தை ஊற்றிவிடாதீர்கள். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடவே கூடாது.

மூன்று மாதம் - சொந்தம்

ஏறத்தாழ மூன்று மாதத்தில், 'இது என் வீடு, இவர்கள் என் மக்கள்' என்று நாய்க்குப் பிடிபடும். உங்கள் சைக்கிள் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுகொள்ளும். சில நாய்களுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். சில பயங்கள் முழுதாகப் போகாமலே இருக்கலாம். தீபாவளி வெடிக்கு நடுங்கினால் ஜன்னலை மூடி, அதன் மூலையில் இருக்க விட்டு, வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள்.

ஊசி மறக்கலாமா?

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் என்ற வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கும் ஊசிகள் உண்டு. குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சொல்லும் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பது உங்கள் பொறுப்பு. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் பெற வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், வீட்டு நாயாகவே இருந்தாலும், திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போய், மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால், உடனே ஊசி போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, லூயி பாஸ்டர் முதன்முதலில் இந்த ஊசி போடச் செய்தது ஒன்பது வயதுச் சிறுவனான ஜோசப் மைஸ்டருக்குத்தான். அவன் பிழைத்துக்கொண்டான். அந்த விஞ்ஞானியின் பெயர் தாங்கி, நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தைத் தயாரித்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள்

நாய் சாதாரணமாகப் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள் வாழும். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பாடு. 2 X 365 X 12 = 8,760 வேளை! பத்து வயதில் நீங்கள் கொண்டுவரும் குட்டி, உங்களுக்கு 22 வயதாகும்போது கிழட்டு நாயாக உங்கள் காலடியில் படுத்திருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை வரும், பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள், அப்பாவுக்கு வேலை மாற்றல் வரும். அப்போதும் அந்த 8,760 வேளையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. 'முடியவில்லை' என்று தெருவில் விடுவது பாவம் மட்டுமல்ல. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலை வந்தால், தத்துக் கொடுத்த காப்பகத்திலேயே ஒப்படைத்து, காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை அதற்குப் பொருத்தமான வீட்டைத் தேட முடியும்.

நாய் வளர்க்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கோடையில் வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கல்லெறியும் நண்பனைத் தடுங்கள். அடிபட்ட நாயைப் பார்த்தால் நீங்கள் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வலியில் இருக்கும் நாய் கடிக்கும்.

வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்!

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், கீழே உள்ள கேள்விகளை வெட்டி ஒரு தாளில் ஒட்டி, வீட்டில் உள்ள எல்லாரிடமும் பதில் வாங்குங்கள்.

1. காலை, மாலை சாப்பாடு வைப்பது யார்?
2. தினமும் இரண்டு முறை வெளியே அழைத்துப் போகும் பெரியவர் யார்?
3. வாடகை வீடென்றால், வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டாரா?
4. ஊசிக்கும் மருந்துக்கும் மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?
5. ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?
6. மூன்று மாதம் வரை, 'திருப்பி அனுப்பு' என்று சொல்லாமல் பொறுத்திருப்போமா?

ஆறு கேள்விக்கும் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், அப்பா அம்மாவோடு காப்பகத்துக்குக் கிளம்புங்கள். ஒருவர் போடாவிட்டாலும் இப்போது வேண்டாம். தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த ஆண்டு மறுபடி கேளுங்கள். ஒரு நாயை மறுபடியும் தெருவில் விடுவதைவிட, நீங்கள் ஓர் ஆண்டு காத்திருப்பது எவ்வளவோ மேல்.